பாளையங்கோட்டையில் 99.9 டிகிரி: ஆர் மென்பொருளில் பழைய வெப்பநிலைத் தரவு தகராறு செய்தால்

எனக்கு ஜெராக்ஸ் கடை. பாளையங்கோட்டையில் கல்லூரிகளை நம்பி நடக்கிற கடை. சில வருஷங்களுக்கு முன்னால் ப்ராஜெக்ட் பைண்டிங்குக்கு வந்த ஒரு பிள்ளை, “அண்ணாச்சி, உங்க சிஸ்டத்துல ஆர் இருக்கா? ஒரு படம் மட்டும் மாத்தணும்” என்று கேட்டது. இல்லை. புள்ளிவிவரக் கணக்குப் போட்டுப் படம் வரைகிற மென்பொருள் அது, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று அதுவே சொன்னது. இறக்கினோம். அன்று கடையைச் சாத்த ராத்திரி பதினொன்றரை ஆனது. அதிலிருந்து இந்த வேலை என்னை விடவில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகள் எடுக்கிற தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: திருநெல்வேலியில் வெயில் கூடியிருக்கிறதா? டீக்கடையில் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். ஆரிடம் கேட்டால் பதிலுக்கு முன் இருபது சிக்கல் வரும். அவற்றில் சிவப்பு எழுத்தில் எரர் காட்டுபவை சாது. சத்தமே இல்லாமல் தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறவைதான் வைவா அன்று காலை வாரும். அதனால் சத்தம் போடுகிறவற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஊமைக்குத்து விடுகிறவற்றில் நின்று பேசுகிறேன்.

கட்டளைகளை ஃபோனில் சொல்கிற மாதிரி ஒலியாகவே எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில், புள்ளி இருக்கிற இடத்தில் புள்ளி வைத்து அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஆருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு ஆள்.

என்டர் தட்டினால் பதில் இல்லை, + குறி மட்டும் வருகிறது

அடைப்புக்குறியையோ மேற்கோள் குறியையோ மூடவில்லை. நீங்கள் முடிப்பீர்கள் என்று அது காத்திருக்கிறது. எஸ்கேப் தட்டிவிட்டு மறுபடி அடியுங்கள். மூடியும் எரர் வருகிறதென்றால், கட்டளையை வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டினீர்களா என்று பாருங்கள். அங்கே மேற்கோள் குறி வளைந்துபோய் வரும். ஆருக்கு நேர்க்குறிதான் தெரியும்.

ஃபைல் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது

ஆர் எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று கெட்டபிள்யூடி சொல்லும். அங்கே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று லிஸ்ட்.ஃபைல்ஸ் சொல்லும். இரண்டையும் பார்த்தால் பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். மீதிப் பேருக்கு விண்டோஸ் பெயரின் வாலை மறைத்துவிட்டிருக்கும். நீங்கள் சிஎஸ்வி என்று எழுதிச் சேமித்த ஃபைலின் உண்மைப் பெயர் இரட்டை வாலோடு இருக்கும். லிஸ்ட்.ஃபைல்ஸ் காட்டுகிற பெயரை அப்படியே எடுத்து ஒட்டுங்கள். பாதையை எழுதும்போது விண்டோஸின் பின்சாய்ந்த கோட்டைப் போடாமல் முன்சாய்ந்த கோட்டைப் போடுங்கள்.

எண் பத்தி எழுத்தாகிவிட்டது, சராசரி போட மறுக்கிறது

நாசாவின் ஜிஸ்டெம்ப் அட்டவணையில் எல்லோருக்கும் இது வரும். 1880 முதலான உலக வெப்பநிலை அதில் மாதவாரியாக இருக்கிறது. முதல் வரி வெறும் தலைப்பு; அதைத் தாண்டச் சொல்லி ஸ்கிப் = 1 என்று கொடுக்க வேண்டும். அப்புறம், இன்னும் வராத மாதங்களுக்கு அவர்கள் *** என்று மூன்று நட்சத்திரம் போட்டிருப்பார்கள். ஒரு பத்தியில் ஒரே ஒரு இடத்தில் நட்சத்திரம் இருந்தாலும் அந்தப் பத்தி முழுவதையும் எழுத்து என்று ஆர் எடுத்துக்கொள்ளும். ஒரு கல் கிடந்தால் பருப்பையே கொட்டுகிற ஜாதி. ரீட்.சிஎஸ்வி கொடுக்கும்போதே என்ஏ.ஸ்ட்ரிங்ஸ் என்ற இடத்தில் *** என்று சொல்லிவிட்டால், அதை விடுபட்ட மதிப்பு, அதாவது என்ஏ (தனியாக வரும்போது இது பெரிய எழுத்து), என்று எடுத்துக்கொள்ளும்.

பழைய பதிவேட்டைப் பார்த்துக் கையால் அடித்த தரவென்றால் காரணம் வேறு. பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில ஓ, ஒன்றுக்குப் பதில் சின்ன எல், 34.5க்குப் பதில் 34,5. இதைக் கண்ணால் தேடாதீர்கள். ஏஸ்.நியூமெரிக் போட்டு மாற்றிப்பார்த்து, எந்த வரிகள் என்ஏ ஆகின்றனவோ அவற்றை மட்டும் எடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

இங்கே ஒரு ஊமைக்குத்து உண்டு. கல்லூரி லேபில் ஆர் பழசாக இருந்தால், எழுத்துப் பத்தியை ஃபேக்டர் என்ற வகையாக மாற்றி வைத்திருக்கும். அதை நேரடியாக எண்ணாக்கினால் 36.2 என்பது 17 என்றும், 28.4 என்பது 3 என்றும் ஆகும். அது வெப்பநிலையே இல்லை, வகைப் பட்டியலில் எத்தனையாவது என்ற வரிசை எண். எரர் வராது. முதலில் ஏஸ்.கேரக்டர், அதற்கு மேல் ஏஸ்.நியூமெரிக் போட வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து ஆர் தானாக ஃபேக்டர் ஆக்குவதை நிறுத்திக்கொண்டது. லேபில் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உலகத்தின் வெப்பநிலை 0.6 டிகிரி என்கிறது

சரியாகத்தான் சொல்கிறது. ஜிஸ்டெம்பில் இருப்பது வெப்பநிலை அல்ல, 1951 முதல் 1980 வரையான சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கணக்கு. பிரிட்டனின் ஹாட்க்ரட் தொகுப்பு அடிக்காலமாக 1961–1990ஐ வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்தால் ஒரு கோடு மேலேயும் இன்னொன்று கீழேயும் போகும். இரண்டிலும் ஒரே முப்பது வருஷத்தின் சராசரியைக் கழித்துவிட்டு வரைந்தால் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும்.

இங்கிலாந்தில் 60 டிகிரி அடிக்கிறது

பயிற்சிக்கு ஆருக்குள்ளேயே தரவு இருக்கிறது. நாட்டெம் என்று அடித்தால் நாட்டிங்காம் கோட்டையில் 1920 முதல் 1939 வரை பதிவான மாதச் சராசரி வரும். என்ஹெச்டெம்ப் என்றால் அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1912 முதல் 1971 வரை ஆண்டுச் சராசரி. இரண்டும் ஃபாரன்ஹீட். 32ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் 60 என்பது 15.6 செல்சியஸ் ஆகும். நம் ஊரின் பழைய பதிவேடுகளிலும் ஃபாரன்ஹீட் இருக்கும். ஒரே பத்தியில் பாதி 90களிலும் பாதி 30களிலும் இருந்தால் நடுவில் அளவு மாறியிருக்கிறது என்று பொருள்.

இதில் வழுக்குகிற இடம் ஒன்று. பத்தாண்டுக்கு 0.36 ஃபாரன்ஹீட் கூடுகிறது என்று விடை வந்தால் அதிலிருந்து 32ஐக் கழிக்கக் கூடாது. அது வித்தியாசம். ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் போதும், 0.2 செல்சியஸ். கழித்தவர் கணக்கில் பத்தாண்டுக்குப் பதினேழரை டிகிரி குளிர்ந்திருக்கும். அப்படி ஒரு ப்ராஜெக்டை நான் பைண்டிங்கே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்போது எனக்கும் தெரியாது.

தேதி கி.பி. 5ஆம் ஆண்டுக்குப் போய்விட்டது

நாம் எழுதுகிற 05/04/1987ஐ விவரம் ஏதும் சொல்லாமல் ஏஸ்.டேட்டிடம் கொடுத்தால் (இதில் டேட்டின் டி பெரிய எழுத்து), முதலில் இருப்பது ஆண்டு என்று நினைத்துக்கொண்டு ஐந்தாம் ஆண்டு ஏப்ரல் 19 என்று எடுத்துக்கொள்ளும். சங்க காலத்து வெயில். படம் வரைந்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை ஃபார்மேட்டில் சொல்லிவிடுங்கள்.

ஆபத்து வருவது நாளையும் மாதத்தையும் மாற்றிச் சொல்லும்போது. அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் என்று சொல்லிவிட்டால், 12ஆம் தேதிக்கு மேற்பட்ட நாளெல்லாம் என்ஏ ஆகும். மாதம் 13 என்று எதுவும் கிடையாதே. ஆனால் ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள் தப்பிப் பிழைத்து வேறு மாதங்களில் போய்க் குடியேறும். ஆக வருஷத்துக்கு 365 நாளில் 144 நாள் மட்டும் மிஞ்சும், அதிலும் 12 நாள்தான் சொந்த இடத்தில் இருக்கும். என்ஏவைத் தள்ளிவிட்டுச் சராசரி போட்டால் டிசம்பரும் மே மாதமும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளாவது வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றவர் அந்தப் படத்தை நம்ப மாட்டார். மாதச் சராசரியை முதலில் போட்டு, மே உச்சியில் இருக்கிறதா, டிசம்பரும் ஜனவரியும் கீழே இருக்கின்றனவா என்று பார்ப்பது என் முதல் சோதனை.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்தால் இன்னொரு வேடிக்கை. 69 முதல் 99 வரை 1900களுக்கும், 00 முதல் 68 வரை 2000களுக்கும் போகும். 1965ஆம் வருஷத்து வெயில் 2065இல் காயும். ஃபார்மேட்டில் சின்ன ஒய் இரண்டு இலக்கத்துக்கு, பெரிய ஒய் நான்கு இலக்கத்துக்கு. மாற்றுவதற்கு முன் ஃபைலிலேயே நான்கு இலக்கமாக்கிக்கொள்வது உத்தமம்.

எக்செலில் திறந்து சேமித்தீர்களா என்றும் கேட்பேன். எக்செலுக்கு 1900 ஜனவரி 1க்கு முந்தின தேதியே தெரியாது. 19ஆம் நூற்றாண்டுப் பதிவு எழுத்தாகவும் பிந்தினது தேதியாகவும் கிடக்கும். போதாக்குறைக்கு 1900ஐ லீப் வருஷம் என்று வைத்து, இல்லாத பிப்ரவரி 29ஐக் காட்டும். பழைய தரவை எக்செலில் பார்க்கலாம், சேமிக்காதீர்கள்.

வானிலைத் துறை ஃபைலைத் திறந்தால் கோடிக்கணக்கில் எண்

இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் நாடு முழுவதற்கும் கட்டம் கட்டமாக அன்றாட அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை 1951 முதல் கொடுக்கிறது. வருஷத்துக்கு ஒரு ஃபைல். ஒரு டிகிரிக்கு ஒரு கட்டம். நெடுக்கே 31, குறுக்கே 31. இது எழுத்துக் கோப்பு அல்ல, பைனரி. நோட்பேடில் திறந்தால் பேய் எழுத்துத்தான் தெரியும்.

ஆரில் ரீட்பின் கட்டளையால் (இதில் பின்னின் பி பெரிய எழுத்து) படிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு எண்ணும் 4 பைட் என்று சைஸ் = 4 கொடுக்க மறந்தால், அது 8 பைட் என்று நினைத்து இரண்டிரண்டு எண்ணாக ஒட்டிப் படிக்கும். விளைவு 800 கோடி, 50 லட்சம் கோடி என்ற கணக்கில் வெயில். சரியாகப் படித்தால் சாதாரண வருஷத்துக்கு 31 × 31 × 365 = 3,50,765 எண் வர வேண்டும். லெங்த் போட்டுப் பாருங்கள். 1,75,382 என்று வந்தால் சைஸ் கொடுக்கவில்லை. லீப் வருஷத்துக்கு 366ஆல் பெருக்குங்கள். அதை மறந்தால் டிசம்பர் 31 காணாமல் போகும். (ஆரின் 1.0.0 பதிப்பே வெளியானது 2000 பிப்ரவரி 29இல். லீப் நாளை மறக்காதவர்கள் செய்த சாமான்.)

சரி, படித்தாகிவிட்டது. முதல் பத்து எண்ணைப் பார்த்தால் எல்லாம் 99.9. பயப்பட வேண்டாம். கட்டம் தென்மேற்கு மூலையில், கடலில் தொடங்குகிறது. கடலுக்கு வெப்பநிலை கிடையாது என்பதற்கு அவர்கள் வைத்த அடையாளம் அந்த 99.9.

நம் ஊர்க் கட்டத்தை எடுத்தாலும் எல்லா நாளும் 99.9

அகலாங்கு 7.5இல் தொடங்கி வடக்கே போகிறது, நெட்டாங்கு 67.5இல் தொடங்கிக் கிழக்கே போகிறது. நமக்கு அருகில் இருப்பது 8.5 வடக்கு, 77.5 கிழக்கு, களக்காட்டுப் பக்கம். அது அகலாங்கில் 2ஆவது, நெட்டாங்கில் 11ஆவது. ஃபைலில் நெட்டாங்குதான் முதலில் ஓடுகிறது. ஆரின் அர்ரேயும் (எண்களை நீளம், அகலம், ஆழம் என்று அடுக்குகிற பெட்டி) முதல் இடத்தைத்தான் முதலில் நிரப்பும். எனவே 31, 31, 365 என்று அர்ரே கட்டி, 11, 2, அப்புறம் நாளுக்கு வெற்றிடம் என்று எடுக்க வேண்டும்.

2, 11 என்று மாற்றி எடுத்தால் 17.5 வடக்கு, 68.5 கிழக்கு. அரபிக் கடலின் நட்டநடு. வருஷம் முழுக்க 99.9. பைத்தானில் பழகிய பிள்ளைகள் இங்கேதான் அதிகம் மூழ்குகிறார்கள். அங்கே வரிசை தலைகீழ். இந்தத் தப்பு கடலில் விழுந்தது நம் அதிர்ஷ்டம். வேறு ஏதாவது ஊருக்கு மாறிப்போய் அது நிலத்தில் விழுந்திருந்தால், விதர்பாவின் வெயிலைத் திருநெல்வேலிக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருப்போம்.

99.9ஐ என்ஏ ஆக்கச் சொன்னேன், ஆகவில்லை

என்னை மூன்று நாள் அலையவிட்டது இது. 99.9க்குச் சமமானதை எல்லாம் என்ஏ ஆக்கு என்று கட்டளை கொடுத்தால் ஒன்றுமே மாறாது. திரையில் 99.9 என்றுதான் தெரியும். ஆனால் 4 பைட்டில் 99.9ஐத் துல்லியமாக எழுத முடியாது, உள்ளே 99.9000015 என்று கிடக்கிறது. ஆர் அதை 8 பைட் 99.9ஓடு ஒப்பிட்டு, சமமில்லை என்று சொல்லிவிடுகிறது. சமம் என்று கேட்காதீர்கள். 90க்கு மேல் உள்ளதை எல்லாம் என்ஏ ஆக்குங்கள். செல்சியஸில் 90 எந்த ஊரிலும் அடிக்காது.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? 31 நாளில் 28 நாள் 38 டிகிரி, 3 நாள் பதிவில்லாமல் 99.9 என்று வையுங்கள். சராசரி 44 வரும். 99 என்று வந்திருந்தால் யாரும் சிரித்துவிட்டுத் திருத்துவார்கள். 44ஐப் பார்த்தால் “அந்த வருஷம் கொளுத்தியிருக்கு அண்ணாச்சி” என்பார்கள். அதனால்தான் எந்தத் தரவைத் திறந்தாலும் முதலில் சம்மரி போட்டு, அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் பார்க்கச் சொல்கிறேன். உலக நிலையங்களின் ஜிஹெச்சிஎன் அன்றாடத் தொகுப்பில் விடுபட்டதற்கு அடையாளம் -9999. அதில் எண்களும் பத்தில் ஒரு பங்கு டிகிரியில் இருக்கும். 356 என்றால் 35.6.

சராசரி கேட்டால் என்ஏ என்கிறது

ஒரு நாள் விடுபட்டிருந்தாலும் அப்படித்தான். என்ஏ.ஆர்எம் = ட்ரூ (ட்ரூ முழுக்கப் பெரிய எழுத்து) கொடுத்தால் விடுபட்டதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடும். எல்லாரும் இதை மந்திரம் மாதிரி எங்கும் தெளிக்கிறார்கள். மாதத்தில் நாலே நாள் பதிவிருந்தாலும் அது வாயை மூடிக்கொண்டு அந்த நாலின் சராசரியைக் கொடுத்துவிடும். உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி ஒரு மாதத்தில் 11 நாளோ அதற்கு மேலோ விடுபட்டிருந்தால், அல்லது தொடர்ந்தாற்போல் 5 நாள் விடுபட்டிருந்தால், அந்த மாதத்துக்குச் சராசரியே போடக் கூடாது. மாதம்தோறும் எத்தனை என்ஏ என்று முதலில் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மாதம் குதிக்கிறது

ஆங்கில அகரவரிசை. ஃபேக்டர் ஆக்கி, லெவல்ஸ் இடத்தில் மன்த்.ஏபிபி கொடுங்கள். அவ்வளவுதான்.

ஒரே ஊர் நாலு ஊராகத் தெரிகிறது

ஊர்வாரியாகப் பிரித்தால் திருநெல்வேலி என்று ஒன்று, டின்னவேலி என்று ஒன்று, பாளையங்கோட்டை ஒன்று, பாளம்கோட்டா ஒன்று. வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டலும் நம்முடையதும் கலந்த பதிவு. பின்னால் ஒரு வெற்றிடம் சேர்ந்திருந்தால் ஐந்தாவது ஊரும் முளைக்கும். டேபிள் கட்டளை போட்டு எந்தப் பெயர் எத்தனை முறை என்று பார்த்து, ஒரு பெயராக்குங்கள்.

மாவட்டவாரித் தரவென்றால் எழுத்துக்கூட்டலோடு முடியாது. 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 1970இல் திருநெல்வேலி மாவட்டம் என்றால் குற்றாலத்துச் சாரலும் தூத்துக்குடி உப்பளமும் சேர்ந்தது. 2020இல் இரண்டும் இல்லை. பெயர் மாறவில்லை, ஆனால் ஆனி ஆடியில் சாரல் விழுந்து குளிர்ந்து கிடக்கிற ஒரு பக்கமே கழன்றுவிட்டது. அந்த இடத்தில் சராசரி எகிறினால் அது பருவநிலை மாற்றம் இல்லை, அரசாணை.

தமிழில் தலைப்பு வைத்தால் கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது கொம்பு இடம் மாறுகிறது

கட்டம் வந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. விண்டோஸில் நிர்மலா யுஐ அல்லது லதா என்று ஃபேமிலியில் கொடுங்கள். எழுத்து வருகிறது, ஆனால் “கெ”யின் கொம்பு பின்னால் போய் நிற்கிறது என்றால், படம் வரைகிற கருவிக்கு எழுத்துகளைச் சேர்க்கத் தெரியவில்லை. ராக் என்ற தொகுப்பை நிறுவி, ஆர்ஸ்டுடியோவின் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதியில் ஏஜிஜி என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பத்திப் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக இருந்தால் யாரோ பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள். ஆர் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசி வருஷம் மட்டும் எகிறுகிறது

மே மாதம் வரைதானே இறக்கியிருக்கிறீர்கள்? ஐப்பசி, கார்த்திகை மழை மாதமெல்லாம் இல்லாத வருஷம் சூடாகத்தான் தெரியும். முழுமையாகாத வருஷத்தை வெட்டுங்கள்.

போக்குக் கோடு 0.00004 என்கிறது, தொடக்கம் -6.8 டிகிரி என்கிறது

கோடு போடுகிற எல்எம் கட்டளையைப் போட்டு, காலத்துக்குத் தேதிப் பத்தியைக் கொடுத்திருப்பீர்கள். ஆரில் தேதி என்பது 1970 ஜனவரி 1இலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண். ஆகவே 0.00004 என்பது ஒரு நாளைக்குக் கூடியது. 3652.5ஆல் பெருக்கினால் பத்தாண்டுக்கு 0.146 டிகிரி. ஒன்றுமே இல்லை என்று நினைத்துத் தூக்கிப்போட்ட விடை அது.

ஆண்டு எண்ணைக் கொடுத்தவருக்கு இன்னொரு அதிர்ச்சி. வருஷத்துக்கு 0.02 கூடுகிறது, 1990இல் 33 டிகிரி என்று வையுங்கள். கோட்டைப் பின்னோக்கி இழுத்தால் பூஜ்ஜியமாம் ஆண்டில் -6.8 வரும். இன்டர்செப்ட் என்று ஆர் காட்டுவது இதைத்தான். திருநெல்வேலியில் பனி பெய்ததாக யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஆண்டிலிருந்து 1990ஐக் கழித்துவிட்டுக் கொடுங்கள், இன்டர்செப்ட் 33 என்று மனுஷன் மாதிரி பேசும்.

மூன்று ஸ்டார் வந்துவிட்டது

“மூணு ஸ்டார் அண்ணாச்சி, கன்ஃபார்ம்!” என்று துள்ளிக்கொண்டு வருவார்கள். சம்மரியில் சரிவுக்குப் பக்கத்தில் ஆர் போடுகிற நட்சத்திரம் அது. சரிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அர்த்தம். ஆனால் அந்தக் கணக்கு, ஒவ்வொரு நாளும் தனித்தனி ஆள் என்று நம்பிப் போட்டது. நேற்று 39 அடித்தால் இன்றும் அதை ஒட்டித்தான் அடிக்கும் என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. ஒரே குடும்பத்தில் இருபது பேரைக் கேட்டுவிட்டு இருபது ஓட்டு என்று எண்ணுகிற மாதிரி. நாற்பது வருஷத்து அன்றாடத் தரவில் 14,610 நாள்; எதைக் கேட்டாலும் மூன்று ஸ்டார் கொடுத்துவிடும். அதோடு மே மாதத்தின் ஏற்றமும் டிசம்பரின் இறக்கமும் கலந்து கிடக்கும்.

ஆண்டுச் சராசரியாகச் சுருக்குங்கள். நாற்பது புள்ளிதான் மிஞ்சும், நட்சத்திரமும் குறையலாம். அது நேர்மையான விடை. ஒன்றிரண்டு விசித்திர வருஷங்கள் கோட்டை இழுத்துக்கொண்டு போவதாகத் தோன்றினால் சென் சரிவு என்ற முறை உண்டு. கல்கத்தாவில் பிறந்த பிரணாப் குமார் சென் 1968இல் எழுதியது. எல்லா இரண்டிரண்டு வருஷங்களுக்கும் இடையே உள்ள சரிவைக் கண்டு அவற்றின் நடு எண்ணை எடுத்துக்கொள்கிறது. கூடவே, போக்கு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கிற மான்–கெண்டால் சோதனை. இரண்டும் ட்ரெண்ட் என்ற தொகுப்பில் இருக்கின்றன. வைவாவில் கேட்பவருக்கு இதை விளக்குவதும் எளிது.

நடுவில் ஒரு வருஷத்திலிருந்து கோடு படி ஏறுகிறது

வெயில் படிப்படியாகக் கூடும். ஒரு ஜனவரியில் படியேறி அங்கேயே உட்காராது. அப்படி இருந்தால் கருவியை இடம் மாற்றியிருக்கலாம். வெப்பமானி வைக்கிற வெள்ளை மரப்பெட்டியை, ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள், புல் தரையிலிருந்து சிமென்ட் முற்றத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினாலே எண் மாறும். மலையில் என்றால் கேட்கவே வேண்டாம். கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். படிக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகக் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டும் தட்டையாக இருந்து மொத்தம் மட்டும் ஏறினால் அந்த ஏற்றத்தை எழுதாதீர்கள்.

அதற்காக விசித்திரமாகத் தெரிகிற எல்லாவற்றையும் வெட்டிவிடவும் கூடாது. மழைத் தரவு பார்த்த ஒரு பையன் காயல்பட்டினத்துக்கு ஒரே நாளில் 95 செ.மீ. என்றிருந்ததைப் புள்ளி தவறிவிட்டது என்று 9.5 ஆக்கியிருந்தான். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே பெய்தது 95தான். பையன் வெளியூர்க்காரன். தாமிரபரணிக் கரையில் அந்த இரண்டு நாள் இருந்த யாரும் அந்தப் புள்ளியை நகர்த்தியிருக்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாக வந்துவிட்டது, ஆனால் தாத்தா சொல்வதோடு ஒத்துவரவில்லை

போன மாதம் ஒரு பிள்ளை இப்படித்தான் வந்து உட்கார்ந்தது. அதிகபட்ச வெப்பநிலை, ஆண்டுச் சராசரி, சென் சரிவு, எல்லாம் ஒழுங்கு. சரிவு அவள் எதிர்பார்த்த அளவு இல்லை. “அப்பல்லாம் ராத்திரி திண்ணையில படுத்தா போர்வை வேணும்னு தாத்தா சொல்றாங்க அண்ணாச்சி. இப்ப ஃபேன் இல்லாம முடியல. ஆர் ஒண்ணும் பெருசா இல்லங்குது.”

இரண்டு விஷயம் சொன்னேன். அவள் எடுத்த கட்டம் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி, ஏறக்குறைய 110 கிலோமீட்டர் சதுரம். அதற்குள் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது, நாகர்கோவில் இருக்கிறது, கன்னியாகுமரிக் கடற்காற்று இருக்கிறது, நம் மேலப்பாளையமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளைக்கு ஒரே எண். தாத்தாவின் திண்ணை அதில் ஒரு துளி. இரண்டாவது, தாத்தா பேசுவது ராத்திரியைப் பற்றி. அவள் எடுத்திருப்பது பகல் உச்சி. ராத்திரிச் சூடு குறைந்தபட்ச வெப்பநிலையில்தான் தெரியும். அதற்கு ஃபைல் தனி.

இறக்க ஆரம்பித்தோம். கரண்ட் ஒரு தரம் போய் வந்தது. பாதியில் நின்ற ஃபைலும் முழு ஃபைல் மாதிரியே ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும், ஆகவே படிப்பதற்கு முன் ஒவ்வொன்றின் அளவையும் பாருங்கள்: சாதாரண வருஷத்துக்கு 14,03,060 பைட், லீப் வருஷத்துக்கு 14,06,904.